சுருட்டை முடிக்கு மூலிகை எண்ணெய் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாட்ஸ்அப்பில் "இலவச முடிப் பரிசோதனை" செய்து, சுருட்டை முடிக்கென்றே எண்ணெய் காய்ச்சித் தருவதாகச் சொன்ன ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு 2,499 ரூபாய் கட்டிவிட்டு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன். பக்கத்தின் பெயரை எழுதிப் பயனில்லை, அதை ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். விற்கிற விதம் மட்டும் மாறவில்லை. அதனால் அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கும் என் மகளுக்கும் நல்ல சுருட்டை. ஓசூரில் இருக்கிறோம், வீட்டில் போர்த் தண்ணீர், உப்பு அதிகம். மகள் ஏழாம் வகுப்பு. எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரெட்டை ஜடை மடித்து ரிப்பன் கட்டித்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சுருட்டை முடி எங்கே படிகிறது? காலையில் இழுத்துப் பின்னியது மதியத்துக்குள் காதோரமும் நெற்றியோரமும் கிளம்பிவிடும். "வீட்ல தலை வாரி விடலையா?" என்று டீச்சர் கேட்டார் என மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். விளம்பரம் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தது: "ஸ்கூல் போற பிள்ளைக்கு ஃப்ரிஸ் இல்லாத அழகான சுருள், 30 நாளில். 108 கொல்லிமலை மூலிகை, மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் மட்டுமே."

மெசேஜ் போட்டதும் ஒரு பெண் வாய்ஸ் நோட்டில் பேசினார். "அக்கா, குளிச்சுட்டு வாரும்போது சீப்புல வர்ற முடியை வெள்ளைப் பேப்பர்ல வெச்சு போட்டோ அனுப்புங்க." அனுப்பிய சூட்டோடு பதில் வந்தது. "வேர் ரொம்ப வீக்கா இருக்குக்கா. வேருக்குச் சத்து இல்லாததாலதான் முடி இப்படிச் சுருண்டு வருது. விட்டா பாப்பாவுக்கு முன்நெத்தி ஏறிடும்."

இரண்டும் பொய் என்று பிறகு தோல் மருத்துவர் புரியவைத்தார். முடி சுருள்வது அது முளைக்கிற நுண்குழியின் வடிவத்தால். பரம்பரையில் வருவது, சத்துக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உதிர்வுக் கணக்கு இன்னும் மோசம். யாருக்கானாலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேர்முடிக்காரர்களுக்கு அது தோளிலும் தரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துவிடும். நமக்கோ உதிர்ந்ததும் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்று, அலசி வாருகிற அன்று மொத்தமாக உருண்டையாகக் கையில் வரும். அதைப் பேப்பரில் வைத்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அந்த போட்டோவைக் குறிப்பாகக் கேட்பதே இதற்குத்தான்.

அவர்கள் காட்டும் "முன், பின்" படங்களையும் கவனியுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தப் படத்தில் ஒரே மாதத்தில் தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது. சுருட்டை உள்ளவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும்: காய்ந்த முடி மேலே ஏறி நிற்கும், ஈரத்தோடு இழுத்தாலோ ட்ரையர் போட்டு நேராக்கினாலோ அதே முடி ஒரு சாண் இறங்கும். ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்தாலே அந்த இரண்டு படமும் கிடைத்துவிடும்.

ஒரு பாட்டில் 200 மி.லி., 899 ரூபாய். மூன்று பாட்டில் "கோர்ஸ்" எடுத்தால் 2,499. வீட்டில் வந்து வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாமா என்றால் கிடையாது, முன்பணம்தான். யூபிஐயில் பணம் போட்டபோது திரையில் வந்தது கம்பெனிப் பெயரே இல்லை, யாரோ ஒரு தனிமனிதர் பெயர். கேட்டதற்கு "ஓனரோட அக்கவுன்ட்தான்க்கா" என்றார்கள்.

விளம்பரத்தில் கண்ணாடிப் பாட்டில், அடியில் வேர்களும் இலைகளும் மிதந்தன. வந்ததோ பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே பளிச்சென்ற பச்சை. மூலிகை வாசனைக்குப் பதில் சென்ட் நெடி. மகளுடைய தலையணை உறையில் ஒட்டிய பச்சை இன்றுவரை போகவில்லை. அப்போது மார்கழி. ஓசூர்க் குளிரில் சமையலறைத் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து, வெயிலில் வைத்துத்தான் ஊற்றவேண்டியிருந்தது. அதன் பக்கத்திலேயே இருந்த இந்த எண்ணெய் தண்ணீராக ஓடியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் உறையாமல் இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் "தேங்காய் எண்ணெய் மட்டுமே" என்று விற்றவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தேய்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மகளின் நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. முடியோ சுருளே தெரியாமல் பிசுபிசுவென்று தொங்கியது. வழக்கமாகப் போடும் மைல்டான ஷாம்பூவுக்கு அந்த எண்ணெய் அசையவில்லை. நுரை பொங்கும் கடுமையான ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் எண்ணெய் போனது, கூடவே முடியும் வறண்டு சிக்குப் பிடித்தது. வறட்சிக்கு மறுபடி எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். தலையில் வழிகிற எண்ணெய் நெற்றித் துளைகளை அடைப்பதால் வரும் பரு இது, எண்ணெயை நிறுத்தினால் போதும் என்றார் மருத்துவர். நிறுத்தியதும் மெல்லத் தணிந்தது.

பாட்டிலை உரித்துப் பார்த்தது என் அம்மா. காலிப் பாட்டில் எதையும் தூக்கிப்போட மாட்டார். கழுவலாம் என்று வெந்நீரில் ஊறவைத்திருக்கிறார். மேலே இருந்த பளபளப்பு ஸ்டிக்கர் கழன்றது, அடியில் இன்னொரு ஸ்டிக்கர். வேறு பெயர், வேறு மாநில முகவரி, எம்.ஆர்.பி. 140 ரூபாய். சேர்மானப் பட்டியலில் முதலில் லைட் லிக்விட் பாரஃபின், அடுத்து தாவர எண்ணெய், பிறகு மூலிகைச் சாறு, வாசனை, நிறமி. அழகுப் பொருட்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிட வேண்டும். முதலில் நிற்பதுதான் பாட்டிலில் அதிகம் இருப்பது. லிக்விட் பாரஃபின் என்பது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில்தான். அதாவது நாங்கள் தேய்த்ததில் அதிகம் இருந்தது அதுதான்.

மினரல் ஆயில் விஷம் என்று நான் சொல்லவில்லை. பல பெரிய கம்பெனி எண்ணெய்களிலும் இருக்கிறது, லேபிளில் போட்டே விற்கிறார்கள். அது முடியின் மேலேயே படர்ந்து நிற்கும், உள்ளே போகாது. தேங்காய் எண்ணெய் உள்ளே இறங்கும். 2003இல் ரேலே, மொஹிலே என்ற ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். நான் காசு கொடுத்தது அதற்கு. மூன்று பாட்டிலும் சேர்த்து 420 ரூபாய் சரக்கின் மேல் கொல்லிமலை ஸ்டிக்கரை ஒட்டி 2,499க்கு விற்றிருக்கிறார்கள்.

புகார் சொன்ன அன்றே "அக்கா" போய் "மேடம்" வந்துவிட்டது. பருவுக்கு, "உள்ள இருக்கிற கழிவு வெளிய வருது மேடம், ரெண்டாவது பாட்டில் முடிஞ்சா சரியாகிடும்." இரண்டு ஸ்டிக்கர் படத்தை அனுப்பியதும், "பார்சல் பிரிச்ச வீடியோ இருந்தா மட்டும்தான் ரீஃபண்ட் மேடம்." வீடியோ எடுக்க வேண்டும் என்று பணம் கட்டும்போது யாரும் சொல்லவில்லை. அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

வங்கியில் "நீங்களே அனுப்பிய பணம்" என்று கையை விரித்தார்கள். அடி ஸ்டிக்கரில் இருந்த தயாரிப்பாளருக்கு போன் போட்டால், "மொத்தமா வாங்குறவங்க மேல என்ன ஒட்டுறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது. பண மோசடிக்கான 1930லும் சொல்லிவைத்தேன். அடுத்து கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. சிக்கல், எதிர்தரப்புக்கு முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு யூபிஐ பெயரும் கூரியர் ரசீதும்தான்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாட்டிலின் பின்பக்க லேபிள் படம். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்தும் கெடு, சேர்மானங்கள் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். இது 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளில் உள்ளது. "ஆயுர்வேதம், எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்பார்கள். ஆயுர்வேத எண்ணெய்க்கும் உரிம எண் உண்டு. அதில் பெரும்பாலும் மூலிகைகள் அளவோடு வரிசையாக இருக்கும், கடைசியில் அடிப்படை எண்ணெய் "க்யூ.எஸ்." என்று இருக்கும், மீதி அளவை நிரப்பியது அதுதான் என்று அர்த்தம், என்ன எண்ணெய் என்று பாருங்கள். "ஃபார்முலா ரகசியம், காட்ட மாட்டோம்" என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது அம்மா செக்குத் தேங்காய் எண்ணெயில் வேம்பாளம்பட்டை போட்டு வைக்கிறார். சிவப்பாக இறங்கும், அவ்வளவுதான். முடி வளரும் என்றெல்லாம் அம்மாவே சொல்வதில்லை. குளிப்பதற்கு முன் நுனிப்பக்கம் மட்டும் தடவி, கண்டிஷனர் போட்ட ஈர முடியில் பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்து, பழைய பனியன் துணியால் ஒற்றி விடுகிறோம். ரெட்டை ஜடை பற்றி வகுப்பு டீச்சரிடம் பேசினேன். இறுக்கிப் பின்ன வேண்டாம், கட்டியிருந்தால் போதும் என்றார்.

இந்த மாதிரி எண்ணெய் வாங்கியவர்கள் பாட்டிலை வீசிவிடாதீர்கள். மேல் ஸ்டிக்கரை முதலில் அப்படியே படம் எடுத்துவிட்டு, பிறகு வெந்நீரில் வைத்துப் பாருங்கள். வாய்ஸ் நோட்டு, பணம் அனுப்பிய ரசீது, கூரியர் கவர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. இதே "முன், பின்" படம் இப்போது கருஞ்சீரக எண்ணெய் விளம்பரத்தில் ஓடுகிறது.