மல்பெரித் தோட்டத்தில் 12 அடி மண்புழு உரப் பை: நான்கு வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குக் கழிவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கூடு அறுவடை முடிந்ததும் குச்சி, மிச்ச இலை, எச்சம் என்று குவியும். அதை மண்புழு உரமாக்க, கம்பு நுழைத்து நிறுத்துகிற 12×4×2 அடி பை பொருத்தமானதுதான். ஆனால் பட்டுப்புழு வளர்ப்பு மனையிலிருந்து அள்ளியதை நேரே பையில் கொட்டினால் மண்புழு ஒன்றுகூட மிஞ்சாது.

பட்டுப்புழுப் படுக்கையில் தூவுகிற சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும்தான் காரணம். பட்டுப்புழு எச்சத்தில் தழைச்சத்து அதிகம். சுண்ணாம்பு சேர்ந்தால் அமோனியாவாகக் கிளம்பும். ஈரக் கழிவைக் கிளறும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடி. அது அடங்கும்வரை வெளியே மூன்றடி உயரத்துக்குக் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி, குறைந்தது 25 நாள் விட வேண்டும். நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு சட்டியில் அள்ளி பத்து மண்புழுவை விட்டுப் பாருங்கள். மறுநாள் காலை விளிம்பேறி ஓடியிருந்தால் இன்னும் ஆகவில்லை. நோய் விழுந்த பேட்ச்சின் கழிவில் ஆன உரம் மல்பெரிக்கு வேண்டாம், தென்னைக்குப் போகட்டும்.

குச்சியை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கியே ஆக வேண்டும். முழுக்குச்சி 60 நாளிலும் குச்சியாகவே கிடக்கும், சலிக்கும்போது உயிரை வாங்கும். அடியில் நாலு அங்குலம் தேங்காய் மட்டை, மேலே கழிவு இரண்டு பங்குக்கு ஆறிய சாணி ஒரு பங்கு. ஒன்றரை அடிக்கு மேல் நிரப்பினால் உள்ளே மறுபடி சூடேறும். மண்புழு நாலைந்து கிலோ போதும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம்.

சித்திரை வெயிலில் தென்னங்கீற்றுப் பந்தலும் ஈரச் சாக்கும் இல்லாமல் பை வேலைக்கு ஆகாது. உரம் எடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்தினால் புழு அடிக்கு இறங்கும். மேலிருந்து வழித்து எடுக்கலாம்.

பையின் குறைகள்: வடிகுழாய் வாயில் வலை வைக்காவிட்டால் இரண்டாம் மாதமே அடைக்கும். கம்பு நுழைக்கும் காதுத் தையல்தான் முதலில் விடும், அதுவும் மேற்கு வெயில் படுகிற பக்கம். மூங்கிலில் சிராய் இருந்தால் துணியையே கிழிக்கும். வழவழப்பான சவுக்குக் கம்பு மேல். விட்ட இடத்தை மீன்வலை நூலால் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.