கல்லிடக்குறிச்சில போர்டு இல்லாத இட்லி கடை

போன ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கே கூட்டாளி வாசல்ல வந்து ஹாரன் அடிச்சிட்டான், கல்லிடக்குறிச்சி ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு அங்ஙனயே சாப்ட்டுட்டு வருவோம்னு. பாளையங்கோட்டைல இல்லாத இட்லியா, இதுக்குன்னு பேட்டை, பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர்னு 35 கிலோமீட்டருக்கு மேல வண்டிய உருட்டணுமானு எனக்கு கடுப்புதான். ஆனா தாமிரவருணில அர மணி நேரம் கெடந்துட்டு கரையேறுனா வயிறு ஒரு சத்தம் போடும் பாத்தீங்களா, அப்ப எவன் எங்க கூப்ட்டாலும் பின்னாடியே போயிருவோம்.

கடைக்கு போர்டு கெடையாது. ஆத்துலேந்து ஊருக்குள்ள வார வழில ஒரு முடுக்கு, அதுல ஒரு ஓட்டு வீட்டு முன்னாடி பத்து ஜோடி செருப்பும் ரெண்டு மூணு எக்ஸெல் வண்டியும் நின்னா அதான் கடை. உள்ள ரெண்டே பெஞ்சு, எட்டு பேரு உக்காரலாம், ஒம்பதாவது ஆளு திண்ணைலதான். பக்கத்து வீட்ல அப்பளம் போடுதாவ போல, உளுந்து மாவு வாசம் முடுக்கு பூரா. இந்த ஊர்ல அது இல்லாத தெரு எது.

இட்லி, வடை, கல்தோசை, காப்பி, அம்புட்டுதான் மெனு. நான் வெவரம் இல்லாம பொங்கல் உண்டானு கேட்டுட்டேன், ஆச்சி நிமிந்தே பாக்கல, "இட்லி இருக்குய்யா"ன்னாவ.

துணி இட்லி. கொட்டான் கொட்டானா எவர்சில்வர் தட்டுல ஊத்தி எடுக்கது இல்ல, ஈரத்துணி விரிச்சி ஊத்துதது. நான் அடுப்புக்கு பக்கத்துல உக்காந்ததால முழுசா பாத்தேன். தட்ட அப்படியே கவுத்துதாவ, கைல தண்ணிய அள்ளி துணி மேல சப்புனு ஒரு தட்டு, ஆவி குபுகுபுன்னு கெளம்புது, ஒரு ஓரத்தப் புடிச்சி பைய உரிக்காவ, ஒரு பருக்கை கூட துணில ஒட்டல. இட்லி மேல துணியோட இழை அச்சு கட்டம் கட்டமா விழுந்து கெடக்கு. வாழ இலைல வச்சதும் விரலால அமுக்கிப் பாத்தேன், அமுங்கி அப்படியே எந்திரிச்சி வந்துது.

என்ன அரிசி ஆச்சின்னேன். "அம்பை பதினாறுதான், வேற என்ன"ன்னாவ. ஏஎஸ்டி 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1986ல வந்த ரகம், குட்டையா குண்டா இருக்கும், எங்க அம்மையும் இட்லிக்கு அதத்தான் தேடி வாங்குவா. யோசிச்சிப் பாத்தா ஆத்துக்கு அக்கரைல பொறந்த அரிசி இக்கரைல இட்லியாவுது. இந்த தண்ணில செஞ்சா எதுவும் ருசிக்கும்னு நம்மாளுவ அல்வாலேந்து எல்லாத்துக்கும் அடிச்சி விடுவாவல்லா, நான் அத பாதிதான் நம்புவேன், மிச்ச பாதி அந்த ஆச்சி கைதான்.

ஆனா நான் இத எழுதுததே வெஞ்சனத்துக்காவதான். புளிமொளகா. பச்சமொளகாவ கீறி நல்லெண்ணெய்ல வதக்கி புளித்தண்ணி ஊத்தி சுண்ட வச்சி, எண்ணெ மேல மெதந்து கருஞ்செவப்பா நிக்கி. முதல்ல புளிப்பு, அடுத்தாப்ல லேசா ஒரு இனிப்பு, அது முடிஞ்சி நீங்க அசந்த நேரம் காரம் காதுக்குள்ள ஏறும். இலை ஓரத்துல சுண்டைக்கா அளவுதான் வைப்பாவ. ரெண்டாவது தடவ கேட்டப்ப "காரம் புடிக்கும்யா, பொறவு என்னயச் சொல்லக்கூடாது"ன்னுட்டு இன்னுங் கொஞ்சூண்டு வச்சாவ. மூணாவது தடவ கேக்க வெக்கமா இருந்துது, கூட்டாளி கேட்டான், அவனுக்கு அதெல்லாம் கெடையாது.

மத்ததுல ரொம்ப எதிர்பாக்காதீங்க. சாம்பார் சுத்த தண்ணி, பருப்பு அடில எங்கயோ ஒளிஞ்சி கெடக்கு. தேங்கா சட்னி பரவால்ல, எட்டரைக்கு மேல வாரவங்களுக்கு தண்ணி சேத்து நீட்டுதாவ, கண்ணால பாத்தேன். வடை போட்ட அஞ்சு நிமிசத்துல கெடச்சா யோகம், எனக்கு கெடச்சது ஆறிப்போயி ரப்பராட்டம். செவத்துல சாக்பீஸ்ல கருப்பட்டி காப்பினு எழுதிப் போட்ருக்கு, உடன்குடி கருப்பட்டி வாங்கி வளந்த வீட்டுப் புள்ள நான், வாயில வச்சதும் தெரிஞ்சிட்டு, கருப்பட்டி பேருக்குதான், பாதி சீனி. 15 ரூவா தண்டம். கூட்டாளி காப்பியே சொல்லல, சவம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட சொல்லாம சிரிச்சிட்டு உக்காந்திருந்தான்.

துட்டு கணக்கு சொல்லிருதேன். இட்லி 7 ரூவா, வடையும் 7, கல்தோசை 20. எனக்கு ஆறு இட்லி ஒரு வடை காப்பி, அவனுக்கு எட்டு இட்லி ஒரு தோசை, மொத்தமே 140தான் ஆச்சு. அரிசி டின்னுல ஸ்கேனர் ஒட்டிருக்காவ, ஆனா உள்ள சிக்னல் எடுக்காது, ஒருத்தரு போன தூக்கிட்டு முடுக்கு முக்கு வரைக்கும் போயி பணம் அனுப்பிட்டு திரும்பி வந்து காட்டுதாரு. கைல சில்லற வச்சிக்கிடுங்க. ஒம்பது மணிக்கு மேல போனா இட்லி கெடையாது, எங்க கண்ணு முன்னாடியே வேன்ல வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போச்சு.

அம்மைக்கு பார்சல் கேட்டேன். "சூட்டு இட்லிய பிளாஸ்டிக்ல கட்டித் தர மாட்டேன், பாத்திரம் கொண்டாந்திருக்கியா"ன்னாவ. ஹெல்மெட்லயா வாங்க முடியும். வீட்டுக்கு வந்து புளிமொளகாவ பத்தி மட்டும் சொன்னேன், அம்ம ஒண்ணும் பேசல, பரண்லேந்து தூக்குவாளிய எறக்கி புளி போட்டு தேச்சி கவுத்தி வச்சிட்டா.