மணலில் பழக ஜிம்னியா, தாரா?

ரோட்டை விட்டு இறங்கி ஓட்டிப் பழக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: மஹிந்திரா தாரா, மாருதி ஜிம்னியா? நான் ஜிம்னி வாங்கினேன், மேனுவல் கியர். அதற்கு முன் நாலு வார இறுதிகள் மச்சானுடைய டீசல் தாரில் பழகினேன். இரண்டையும் ஓட்டியது ஒரே இடத்தில். திசையன்விளைப் பக்கம், தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்தில், மச்சான் குடும்பத்துக்குச் சொந்தமான பட்டா நிலம். செம்மணல், பனை, முந்திரி. தேரியில் காப்புக்காடுகளும் உண்டு, அங்கே வண்டியை இறக்கக் கூடாது. சொந்த நிலமோ, கேட்டு அனுமதி வாங்கிய நிலமோ இருந்தால்தான் இந்தப் பேச்சே.

தோற்றம், உட்கார்ந்தால் கிடைக்கும் கம்பீரம் இதெல்லாம் அவரவர் விருப்பம். ஷோரூமில் ஒன்று மட்டும் கவனியுங்கள். 2023 ஜனவரி முதல் தார் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, கேட்டு வாங்க வேண்டும். ஜிம்னியில் எல்லா வகையும் ஃபோர் வீல் டிரைவ்தான். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரும் எல்லாவற்றிலும் உண்டு.

எண்களை மட்டும் பார்த்தால் தார்தான் முன்னால் நிற்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, தாருக்கு 226 மி.மீ., ஜிம்னிக்கு 210. மேட்டில் முகம் இடிக்காமல் ஏறும் கோணம் தாருக்கு 41.8 டிகிரி, ஜிம்னிக்கு 36. இழுவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: தார் டீசலில் 300 நியூட்டன் மீட்டர், ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் 134. அப்படியிருந்தும் புதிதாகப் பழகுகிறவருக்கு ஜிம்னியைத்தான் சொல்வேன். காரணம் எடை. ஜிம்னி சுமார் 1,200 கிலோ. தார் அதைவிடக் கிட்டத்தட்ட அரை டன் கூடுதல்.

இந்த அரை டன் என்ன செய்யும் என்பது வண்டி புதையும்போதுதான் புரியும். பழகுகிறவன் கட்டாயம் புதைப்பான், அதுவும் ஒரே நாளில் பல தடவை. மூன்றாவது வாரம் தாரைத் தேரி மேட்டில் ஏற்றினேன். பாதியில் வேகம் குறைந்ததும் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது. வெளியே நின்ற மச்சான், "மாப்ள, காலை எடு! மிதிக்க மிதிக்கக் கீழதான் போகும்" என்று கத்தினார். அதற்குள் நாலு சக்கரமும் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை, எடை முழுவதும் வயிற்றில் இருக்கும். மண்வெட்டியால் அடியில் தோண்டினோம். தேரி மணல் மாவு மாதிரி, தோண்டத் தோண்டச் சரிந்து வந்து மூடியது. டிராக்டர் வரவழைத்தால் அதுவும் மணலுக்குள் இறங்க முடியாது. கெட்டித் தடத்திலேயே அதை நிறுத்தி, நீளமான வடம் போட்டு இழுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு நான் ஓட்டியது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

அதே மேட்டில் ஜிம்னியையும் புதைத்திருக்கிறேன், அதே மாதிரி வயிறு படும்வரை. நானும் மச்சானும் இரண்டே பேர். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரிவிட்டோம். காய்ந்த பனைமட்டைகளைக் குறுக்காக அடுக்கினோம். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினோம். ரிவர்ஸில், வந்த தடத்திலேயே, மெதுவாக எடுத்தேன். மட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது, வண்டி ஒரு முழம் நகர்ந்தது, அப்புறம் வெளியே வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உடனே திரும்பிப் போய் அதே மேட்டில் ஏறினேன். தார் புதைந்தால் அன்றைய பாடம் முடிந்தது. ஜிம்னி புதைந்தால் அதுவே பாடத்தில் ஒரு பகுதி.

எடைக்கு அடுத்தது டிஃபரென்ஷியல், அதாவது ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு. தாரின் சில வகைகளில் பின்னச்சுக்கு மெக்கானிக்கல் லாக் உண்டு. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் தானாகவே பூட்டி இரண்டையும் சேர்த்துத் தள்ளும். அருமையான வசதி. ஆனால் பழகுகிற காலத்தில் அது நம் தப்பை மறைத்துவிடுகிறது, எந்தச் சக்கரத்தில் பிடி இல்லை என்றே தெரியாமல் கடந்துபோகிறோம். ஜிம்னியில் அந்தப் பூட்டு கிடையாது. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து, மறுபக்கத்துக்கு இழுவையைத் தள்ளுகிற முறைதான். குறுக்குக் குறுக்காக இரண்டு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது 'டக் டக்' என்று பிரேக் பிடிக்கிற சத்தம் காலில் தெரியும். அந்த நேரத்தில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். கூட்டாமல் குறைக்காமல் ஒரே நிதானத்தில் வைத்திருந்தால் இரண்டு விநாடியில் பிடி கிடைக்கும். மணலில் வயிறு படப் போகும்போது காலை எடுக்க வேண்டும், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது எடுக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் காலுக்குச் சொல்லித் தந்தது ஜிம்னிதான்.

அகலத்தையும் சொல்ல வேண்டும். தார் 1,820 மி.மீ., ஜிம்னி 1,645. உடைமுள் வேலி இரண்டு பக்கமும் நெருக்கும் தோட்டத்து வண்டித் தடத்தில் இந்த வித்தியாசம் கதவுப் பெயின்டில் தெரியும்.

சரி, தார் ஜெயிக்கும் இடங்கள். முதலாவது, மேட்டின் உச்சி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590 மி.மீ., தாருக்கு 2,450. கூர்மையான முகட்டைத் தாண்டும்போது ஜிம்னியின் நடுவயிறு முதலில் தட்டும், எனக்கு இரண்டு தடவை தட்டியிருக்கிறது. இரண்டாவது, டீசலின் இழுவை. லோ ரேஞ்சில் முதல் கியரில் விட்டால் தார் நிதானமாக ஊர்ந்து ஏறும். ஜிம்னியில் இன்ஜினை நன்றாகச் சுழலவிட வேண்டும், ஏறும் முன்பே வேகம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது தண்ணீர். தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை என்று நிறுவனமே சொல்கிறது. நான் ஜிம்னியை இறக்கியது கணுக்கால் ஆழ வாய்க்காலில் மட்டும்தான், அதனால் அதை வைத்து யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டேன். பாறையும் அப்படித்தான், எனக்குப் பழக்கம் மணலிலும் செம்மண்ணிலும். ஓடைகளைத் தாண்டியே தோட்டத்துக்குப் போக வேண்டிய மலையடிவாரக்காரராக இருந்தால் தாரையே பாருங்கள்.

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னச்சு, பின்னச்சு இரண்டுக்கும் லாக் உண்டு. ஒரே ஒரு நாள் ஓட்டினேன். பழகி முடித்தவருக்கான வண்டி என்று தோன்றியது, ஒரு நாளில் அதற்கு மேல் சொல்ல முடியாது. பழைய ஜிப்ஸியும் எடை குறைவுதான். ஆனால் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) சஸ்பென்ஷன் முதுகைப் பதம் பார்க்கும், நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதும் கஷ்டம்.

எந்த வண்டியானாலும் டயர் காற்று அளக்கும் கேஜும் சின்ன கம்ப்ரசரும் கட்டாயம் வாங்குங்கள். மணலில் காற்றை இறக்கிவிட்டு அப்படியே தார்ச்சாலையில் வேகமாகப் போகக் கூடாது. சாலைக்கு வந்ததும் மறக்காமல் டூ வீலுக்கு மாற்றுங்கள். இரண்டு வண்டியிலும் முன்னச்சும் பின்னச்சும் இறுகப் பிணையும் முறை என்பதால், கெட்டித் தரையில் திரும்பும்போது பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

மறுவிற்பனையில் எங்கள் பக்கம் தாருக்குத்தான் கேட்கிற ஆள் அதிகம். மூன்று வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். நான் விற்பதாக இல்லை, அதனால் அந்தக் கணக்கைப் போடவில்லை.