டாய்ச்லாண்ட் டிக்கெட்: ஜெர்மனியில் இலையுதிர்காலம் சுற்ற இருவருக்குக் கட்டுபடியாகுமா?

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்பது மாதம் ஒரே கட்டணத்தில் ஜெர்மனி முழுக்க ஊர்ப் பேருந்திலும் ரீஜனல் ரயிலிலும் (விரைவு ரயில் அல்லாத வட்டார ரயில்) போக விடும் சந்தாச் சீட்டு. கார் இல்லாமல் ஜெர்மனியில் வாழும் தம்பதிக்கு, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை இந்த டிக்கெட்டை மிஞ்ச எதுவும் இல்லை. கோடைக் கூட்டம் வடிந்திருக்கும், மலைப்பாதைகளில் பனி இறுகியிருக்காது, படகுகளும் மலைக்குடில்களும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். காலையில் வானிலையைப் பார்த்துவிட்டு எந்தத் திசைக்குப் போவது என்று முடிவெடுக்கலாம். முன்பதிவு செய்துவிட்டோமே என்று மழையில் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் டிக்கெட்டை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ரீஜனல் ரயில்களின் குணம் தெரியாமல் கிளம்பினால் பாதி நாள் பிளாட்பாரத்திலேயே போய்விடும்.

முதலில் கணக்கு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான டிக்கெட் 2025 ஜனவரியில் 58 ஆனது; 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. இருவருக்கு 126. பலர் தடுக்கிவிழும் இடம் இங்கேதான். சில நகரங்களின் பழைய மாதச் சீட்டுகளில் வார இறுதியில் மனைவியையோ கணவரையோ கூடவே இலவசமாக அழைத்துப் போகலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் அந்தச் சலுகை இல்லை. ஒரு டிக்கெட், ஒரு ஆள், அவ்வளவுதான். வேலை பார்ப்பவருக்கு அலுவலகம் ஜாப் டிக்கெட்டாகக் கொடுத்தால் நல்ல லாபம்: நிறுவனம் குறைந்தது 25 சதவீதம் ஏற்றுக்கொண்டால் மேலும் 5 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும், கையிலிருந்து போவது அதிகபட்சம் 44 யூரோ 10 சென்ட். வீட்டிலிருக்கும் துணைக்கு இது பொருந்தாது.

அதனால் ஒருவரிடம் ஜாப் டிக்கெட் இருந்து, மற்றவர் மாதம் ஒரு முறைதான் வெளியூர் போவார் என்றால், அவருக்கு அந்த நாளில் பவேரியாவின் பயர்ன் டிக்கெட் போன்ற மாநிலச் சீட்டு (ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் சுற்றும் சீட்டு) எடுப்பதே மலிவு. பவேரியாவில் அது சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவு முதலே செல்லும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான். மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். முதல் ஆளுக்கு முழு விலை, கூட வருபவருக்குச் சிறு தொகை என்று 5 பேர் வரை சேரலாம். பயணிகளின் பெயர்கள் சீட்டில் இருக்க வேண்டும். இருவரிடமும் எதுவும் இல்லையென்றால், மாதம் மூன்று பயணங்களைத் தொடும்போது டாய்ச்லாண்ட் டிக்கெட் முந்துகிறது. அதற்குக் குறைந்தால் மாநிலச் சீட்டுதான் சரி.

வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும், முக்கியமாக நம் ஆட்களுக்கு. டிக்கெட்டில் இருக்கும் பெயரைப் பரிசோதகர் பாஸ்போர்ட்டுடனோ குடியிருப்பு அட்டையுடனோ ஒப்பிடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களும், அப்பா பெயர் அந்த இடத்தில் ஏறியிருப்பவர்களும், அட்டையில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில் கொடுங்கள். இனிஷியலாகச் சுருக்க வேண்டாம். டிக்கெட் மொபைல் செயலியிலோ சிப் அட்டையிலோதான் செல்லும்; ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சீட்டைக் காட்ட முடியாவிட்டால் அபராதம் 60 யூரோ. மாதம் பிறந்ததும் வீட்டு வைஃபையில் செயலியைத் திறந்து புது மாத டிக்கெட் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் நெட்வொர்க் கிடைக்காத ரயில் பாதைகள் உண்டு. இருவருக்கும் சேர்த்து ஒரு பவர்பேங்க் கட்டாயம்.

ஆர்இ, ஆர்பி என்ற ரீஜனல் ரயில்கள், எஸ்-பான் புறநகர் ரயில், ஊர்ப் பேருந்து, டிராம், யு-பான் சுரங்க ரயில் அனைத்திலும் இரண்டாம் வகுப்பில் போகலாம். ஐசிஇ, ஐசி, இசி, ஃப்ளிக்ஸ்டிரெய்ன் போன்ற தொலைதூர விரைவு ரயில்கள் கிடையாது. சில பாதைகளில் ஐசி ரயிலிலும் அனுமதிப்பார்கள். செயலி தெளிவாகக் காட்டினால் ஒழிய ஏறாதீர்கள். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பிரதான நிலையம் வரையும், சுவிட்சர்லாந்தின் பாசலில் பாடிஷர் பான்ஹோஃப் நிலையம் வரையும் ரீஜனல் ரயிலில் போகலாம். படகுகள் ஊருக்கு ஊர் மாறும். ஹாம்பர்க் துறைமுகத்தின் 62ஆம் எண் படகு டிக்கெட்டுக்குள் அடக்கம். கூனிக்ஸே ஏரிப் படகுக்குத் தனிக் கட்டணம். கேபிள் காருக்கும் சுக்‌ஷ்பிட்ஸ மலை ரயிலுக்கும் கைக்காசுதான். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு.

பயணத்தைத் தேடும்போது ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் இணைப்புகள் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம் ரயில் மாறும் நேரம். செயலி தானாகக் காட்டும் 5, 6 நிமிட இணைப்புகளை நம்பக் கூடாது; அமைப்பில் குறைந்தபட்சம் 15 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு ஒரு ரயில் ஓடும் கிளைப்பாதையில் ஓர் இணைப்பு தவறினால் ஒரு மணி நேரம் போயிற்று. அக்டோபரில் மாலை ஐந்தரைக்கே குளிர் எலும்பைத் தொடும் மலை நிலையத்தில் அந்த ஒரு மணி நேரம் நீளமானது.

பழைய ஆட்களையும் ஏமாற்றுவது பிரியும் ரயில்கள். மியூனிக்கிலிருந்து தெற்கே ஓபர்லாண்ட் மலைப்பகுதிப் பக்கம் போகும் வண்டி ஒரே ரயிலாகக் கிளம்பும். ஹோல்ஸ்கிர்ஷனில் பயரிஷ்செல் போகும் பெட்டிகள் கழன்றுவிடும். ஷாஃப்ட்லாஹில் மிச்சமிருப்பது டேகர்ன்ஸே, லெங்க்ரீஸ் என்று இரண்டாகும். நெரிசலில் கணவர் ஒரு பெட்டியிலும் மனைவி ஒரு பெட்டியிலும் ஏறினால், இறங்குவது வேறு வேறு பள்ளத்தாக்கில். பிளாட்பாரப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுத்துடன் போட்டிருக்கும். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையிலும் இருக்கும். ஏறுமுன் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்த தலைவலி தண்டவாள வேலை. அதற்கென்றே வார இறுதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ரயிலுக்குப் பதில் எஸ்இவி பேருந்து ஓடும். அதில் சைக்கிள் ஏற்ற மாட்டார்கள், பயண நேரமும் கூடும், நிறுத்தம் பல ஊர்களில் ரயில் நிலைய வாசலில் இருக்காது. வெள்ளி இரவே மறுநாள் பாதையைப் பார்த்து, எஸ்இவி என்று இருந்தால் திசையை மாற்றிவிடுவது உத்தமம்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு, ஆனால் பெயருக்குத்தான்: 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஒரு பயணத்துக்கு 1.50 யூரோ. மொத்தம் 4 யூரோவைத் தொட்டால்தான் தருவார்கள் என்பதால் மூன்று தாமதங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சாதாரண சீட்டில், 20 நிமிடத் தாமதம் வந்தால் விரைவு ரயில் சீட்டு வாங்கி ஏறிக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது கிடையாது. இந்தச் சேவையில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். மாதாமாதம் பணம் கட்டுபவருக்குத்தான் தாமதத்தில் மிகக் குறைந்த பாதுகாப்பு.

எங்கே போகலாம்? டிக்கெட்டுக்கு முழு மதிப்பு கிடைப்பது ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று மணி வரை தாங்கலாம், இடம் அதற்குத் தகுதியாக இருந்தால்.

கூனிக்ஸே அப்படித் தகுதியான இடம். மியூனிக்கிலிருந்து ஃப்ரைலாசிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன், அங்கே 841ஆம் எண் பேருந்து. பேருந்து டிக்கெட்டுக்குள் வரும். 1909 முதல் இந்த ஏரியில் மின்படகுகள் ஓடுகின்றன. செங்குத்துப் பாறைகள் தண்ணீரில் நேராக இறங்குவதால் கரையோரம் சுற்றி நடக்க வழியே இல்லை. செயிண்ட் பார்த்தலோமே நிறுத்தத்துக்குப் படகில் 35 நிமிடம். அதையும் தாண்டி சாலெட் நிறுத்தம் போனால் 15 நிமிட நடையில் ஓபர்ஸே என்ற சிறு ஏரி. இலை நிறம் மாறும் நாட்களில் ஓபர்ஸேதான் இந்தப் பயணத்தின் உயிர். ஆனால் சாலெட் நிறுத்தம் அக்டோபர் நடுவில் மூடிவிடும், பிறகு வசந்தத்தில்தான் திறக்கும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்துக்குள் போங்கள். சாலெட்டில் இறங்கியதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பலகையில் பார்ப்பது. அதைவிட ஒரு படகு முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள்.

டிரெஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு சாக்சன் சுவிட்சர்லாந்து என்ற பாறை மலைப்பகுதி வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. எஸ்1 ரயிலில் முக்கால் மணிக்குள் கூரோர்ட் ராட்டன், எல்பே ஆற்றைப் படகில் கடந்தால் பாஸ்டை பாறைமுகட்டுக்கு ஏறும் படிகள். 1851இல் கட்டிய கல்பாலம் இருக்கும் இந்தப் பாறைமுகடு ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே நிற்கிறது. ஏறிய வழியே இறங்காமல் ஷ்வேடன்லோஹர் பாறைப் பிளவு வழியாக இறங்கி, ஆம்செல்ஸே குளத்தைத் தொட்டு ராட்டன் வந்தால் ஒரு வட்டம். நிதானமாக மூன்று மணி நேரம். அந்த இறக்கத்தில் சுமார் 700 படிகள். நவம்பரை நெருங்க நெருங்க ஈர பீச் இலை மூடிய மணற்கல் சோப்பாக வழுக்கும். தேய்ந்த ஸ்னீக்கர் உதவாது. ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பகுதி உள்ள காலணி வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் திசையை மாற்றி, ஷ்வேடன்லோஹர் வழியே ஏறி பாஸ்டை படிகளில் இறங்குவது பாதுகாப்பு.

ஏறுவதில் விருப்பமில்லாதவர்களுக்கு பால்ஸ் என்ற திராட்சை மதுப் பகுதி. வைன்ஸ்ட்ராச என்ற 85 கிலோமீட்டர் மதுச் சாலையின் நடுவில் நொய்ஸ்டாட் ஊர். மான்ஹைமிலிருந்து எஸ்-பானில் வந்து, அங்கிருந்து டைடஸ்ஹைம் பக்கமோ எடன்கோபன் பக்கமோ ஒரு நிலையம் போய், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அடுத்த நிலையம் வரை நடக்கலாம். கால் வலித்தால் உடனே ரயில், அதுதான் இந்த ஊரின் வசதி. கைக்கெட்டும் குலைகளைப் பறித்தால் திருட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் கிடைக்கும் ஃபெடர்வைசர் புதுமதுவை வாங்கினால், பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே நொதித்துக்கொண்டே இருப்பதால் வாயு வெளியேற இடம் விட்டிருப்பார்கள். முதுகுப்பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் நனையும். நிமிர்த்தியே கொண்டுவந்து, ஃப்ரிட்ஜிலும் நிமிர்த்தியே வையுங்கள்.

பிளாக் ஃபாரஸ்டில் இரவு தங்குவதாக இருந்தால், விடுதியில் கோனுஸ் விருந்தினர் அட்டை உண்டா என்று முதலில் கேளுங்கள். திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் தங்குபவர்களுக்கு அந்தப் பகுதியின் ரயிலும் பேருந்தும் இலவசம். போய்வர மட்டும் டிக்கெட் இருந்தால் போதும் என்பதால், அந்த மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட்டே தேவைப்படாமல் போகலாம். 1873இல் கட்டி முடிந்த ஷ்வார்ஸ்வால்ட்பான் ரயில் பாதையில் ஹவுசாஹ் முதல் சாங்க்ட் கியோர்கன் வரையிலான மலையேற்றத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதே பாதையில் ஐசி ரயிலும் ஓடுகிறது. அவசரத்தில் அதில் ஏறிவிடாதீர்கள்.

வெளிச்சக் கணக்கு பலருக்குக் கோட்டை விடும் இடம். அக்டோபர் தொடக்கத்தில் மியூனிக்கில் சூரியன் மறைய ஏழு மணியாகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பியபின் ஐந்து மணிக்கே இருட்டு. காட்டுக்குள் அதற்கும் அரைமணி முன்பே. அந்த ஞாயிறுக்குப் பிறகு மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும், ஒரு தலைவிளக்கும் பையில் வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டமாக இருந்தால் பயணத்தைக் கைவிடாதீர்கள். குளிர்ந்த காற்று கீழே தேங்கி நிற்பதால் வரும் மூட்டம் அது. பல நாட்களில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நல்ல வெயில் அடிக்கும். மலை உச்சியின் வெப்கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும். நவம்பரில் பல கேபிள் கார்கள் வருடாந்திரப் பராமரிப்புக்கு மூடுவதால் இந்த வித்தை அக்டோபரோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் கிடையாது. அக்டோபர் 3 நாடு முழுக்க விடுமுறை. பவேரியா, பாடன் வுர்ட்டம்பெர்க், ரைன்லாண்ட் பால்ஸ் மாநிலங்களில் நவம்பர் 1ம் சேரும். பெரிய நகரங்களின் பிரதான ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவதே நிம்மதி, சைவமாகச் சாப்பிடுபவர்களுக்கு மலைக்குடிலில் சீஸைத் தவிரப் பெரிதாக எதுவும் அமையாது. குடில்களில் அட்டை வாங்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. இருவருக்குமாக 40 யூரோ ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும் வார இறுதிகளில் காலையில் மியூனிக்கை விட்டு வெளியேறும் ரயில்களில் பெரிய தொல்லை இல்லை. நெரிசல் எதிர்த்திசையில்தான். அவுக்ஸ்பர்க், ரோசன்ஹைம் போன்ற ஊர்களில் குடியிருந்து, மாலையில் மியூனிக்கில் ரயில் மாறி வீடு திரும்புபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்த நாட்களில் மியூனிக்கைத் தொடாத பயணமாகத் தேர்ந்தெடுங்கள்.

ரத்து செய்வது எளிது, தேதிதான் கறார்: அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் மாதக் கடைசியோடு முடியும். 11ஆம் தேதி என்றால் அடுத்த மாதப் பணமும் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். டிக்கெட் நாட்காட்டி மாதத்துக்குத்தான், வாங்கிய நாளிலிருந்து 30 நாள் அல்ல. எனவே இலையுதிர்காலத்துக்கு மட்டும் என்றால் செப்டம்பர் 1இல் தொடங்கி, அக்டோபர் 10க்குள் இருவரும் அவரவர் கணக்கில் தனித்தனியே ரத்து செய்யுங்கள். ஒருவர் ரத்து செய்தால் மற்றவருடையது தானாக ரத்தாகாது.