சீ-டாக் விரிவாக்கம்: பயணிக் கட்டணமா, மத்திய மானியமா?

அமெரிக்காவின் சியாட்டில் துறைமுக ஆணையம் கப்பல் துறைகளோடு சீ-டாக் (சியாட்டில்-டகோமா) விமான நிலையத்தையும் நடத்துகிறது. விமான நிலைய விரிவாக்கத்துக்காக அது அமெரிக்க நாடாளுமன்றத்திடம் எதை முதலில் கேட்பது: பயணிகளிடம் நிலையம் வசூலிக்கும் கட்டணத்தின் உச்சவரம்பை உயர்த்துவதையா, கூடுதல் மத்திய மானியத்தையா?

தொகை
கட்டணம்: ஒரு பயணி விமானம் ஏறும் ஒவ்வொரு தடவைக்கும் அதிகபட்சம் 4.50 டாலர். 2000-இல் வைத்த உச்சவரம்பு, விலைவாசியோடு ஏறாது.
மானியம்: 2024 விமானப் போக்குவரத்துச் சட்டப்படி நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 400 கோடி டாலர். அதைச் சுமார் 3,300 நிலையங்கள் பங்கு போடுகின்றன.

எதற்குச் செலவிடலாம்
கட்டணம்: ஓடுபாதை, முனையம், கேட், கடன் பத்திரத்தின் வட்டியும் அசலும். கார் நிறுத்துமிடம், கடைகளுக்கு ஆகாது.
மானியம்: பெரும்பாலும் ஓடுபாதை, டாக்ஸிவே (ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து செல்லும் பாதை), பாதுகாப்புப் பணிகள்.

சிக்கல்
கட்டணம்: விமான நிறுவனங்களைக் கலந்தாலோசித்து எஃப்.ஏ.ஏ. (மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம்) ஒப்புதல் பெற வேண்டும். உச்சவரம்பை உயர்த்துவதை அந்த நிறுவனங்களே எதிர்க்கின்றன.
மானியம்: அமெரிக்கத் தயாரிப்புகளையே வாங்கும் விதி, தொழிலாளர் கூலி விதி, ஆண்டுக்கணக்கான நிபந்தனைகள்.

பலர் கவனிக்காதது: பெரிய நிலையம் பயணியிடம் 3 டாலருக்கு மேல் கட்டணம் வசூலித்தால் தன் மானிய ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் முழுசாக வாங்க முடியாது.

கடல் பக்கக் குறை வேறு. சரக்கு மதிப்பில் 0.125% துறைமுகப் பராமரிப்பு வரி (தூர்வாரும் செலவுக்கானது) இறக்குமதியின் மேல் விழுகிறது. சியாட்டிலோ இயற்கையிலேயே ஆழமான துறைமுகம், தூர்வாரும் வேலை குறைவு. கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் இறங்கி ரயிலில் சிகாகோ போகும் சரக்குப் பெட்டிக்கு இந்த வரியே கிடையாது.

முனையம் கட்டக் கடன் வாங்கும் பெரிய நிலையத்துக்குக் கட்டண வரம்பு உயர்வே உதவும். பயணிகள் குறைந்த சிறு நிலையம் மானியத்தையே நம்பட்டும்.