பத்தாண்டு இமாட்டினிப்: அம்மாவின் மாத்திரை அட்டையும் ரசீதுக் கோப்பும்

2015-இல் என் அம்மாவுக்கு சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இருப்பது உறுதியானது. அன்றுமுதல் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அம்மா இருப்பது குடியாத்தத்தில். மாதந்தோறும் வேலூரில் மாத்திரை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது, இராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் என் பொறுப்பு. இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களின் வீட்டாருக்குப் பயன்படட்டும் என்று, நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவர் சீட்டில் நிறுவனம் வைத்த பெயரை எழுதாமல், இமாட்டினிப் என்ற பொதுப்பெயரைத்தான் எழுதிக்கொடுத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னால்தான் விளங்கியது. நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் என்ற இமாட்டினிப் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் விற்ற காலத்தில், நம் நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குத் தந்தன. அந்நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடாமல் காப்புரிமை இல்லை என்னும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த விண்ணப்பத்தை இறுதியாகத் தள்ளுபடி செய்தது. இவை நடந்திராவிட்டால், எங்கள் வீட்டில் இந்த மாத்திரையைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

ஆனாலும் மாதாமாதம் அந்தத் தொகையும் பாரமாகத்தான் இருந்தது. 2017-இல் தங்கையின் திருமணக் கடன் கழுத்தை நெரித்தபோது, எங்கள் யாருக்கும் சொல்லாமல் அம்மா நாள் விட்டு நாள் மாத்திரை போடத் தொடங்கிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். இரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. மருத்துவர் கோபப்படவில்லை, வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். துணிப்பையிலிருந்து பிரிக்காத அட்டைகள் நான்கு வெளியே வந்தன. “உடம்பு நல்லாத்தானே இருக்குது நைனா, ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும்னு இருந்துட்டேன்” என்றார் அம்மா. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதே நோய் உள்ளுக்குள் தலைதூக்கும் என்பதையும், இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் இமாட்டினிப்புக்கு அடங்காமல் போகக்கூடும் என்பதையும், பிறகு டாஸாட்டினிப், நிலோட்டினிப் போன்ற வேறு மருந்துகளுக்கு மாற வேண்டிவரும் என்பதையும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பணத்தைப் பற்றி அம்மாவிடம் நான் வாய்திறந்து பேசாமல் இருந்ததுதான் இதற்குக் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்றே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். என் சம்பளம் வருமான வரம்பைத் தாண்டியதால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. தகுதியுள்ளவர்கள் சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. எந்தெந்த மருந்துக்கு அது பொருந்தும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, அட்டையில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யை நம்பாமல் மருத்துவமனை மருந்தகம், வெளிக் கடை, மக்கள் மருந்தகம் என மூன்று இடங்களில் விலை கேட்டது. மற்றொன்று, பழைய வருமான வரி முறையில் 80டிடிபி பிரிவின்கீழ் சிகிச்சைச் செலவுக்குக் கிடைத்த கழிவு. அறுபது வயதைத் தாண்டியவருக்கு அது 1,00,000 ரூபாய் வரை உண்டு.

விலை குறைவு என்று ஒருமுறை ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஒரு கடைக்காரர், பில் வேண்டாமென்றால் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தருவதாகச் சொல்ல, நானும் மூன்று அட்டைகள் வாங்கிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அம்மா அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பேட்ச் எண் இருக்க வேண்டிய ஓரம் கத்தரித்துக் கிடந்தது. காலாவதித் தேதி பாதியோடு நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, தாம் விற்றதே இல்லை என்றார் கடைக்காரர். ரசீது இல்லாததால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் காட்ட என் கையில் எதுவும் இல்லை. அம்மா அதில் ஒரு மாத்திரைகூடப் போடாதது எங்கள் நல்ல காலம். புற்றுநோய்க்கு ஊசி மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலிக் குப்பிகளில் வேறு மருந்தை நிரப்பி விற்ற கும்பலை 2024-இல் டெல்லி காவல்துறை பிடித்தது. குப்பியை உங்கள் கண்ணெதிரே திறக்கவும், பயன்படுத்திய குப்பியை உடைத்துப் போடவும் தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் கொஞ்சம். காலையில் களியோ இட்லியோ சாப்பிட்ட கையோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் போட்டால் குமட்டல் குறைகிறது. விடியலில் இமை வீங்குவதும் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் இன்றும் உண்டு. 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பதால், நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வண்டிப் பெட்டியில் போடாமல் தோள்பையில் கொண்டுபோகிறேன்.

இப்போது ஒரே கடையில், ஒரே நிறுவனத்தின் மாத்திரையைப் பில்லோடுதான் வாங்குகிறேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையின் பேட்ச் எண்ணைப் படிக்க, நான் பில்லில் சரிபார்ப்பேன். போன மாதம் மூன்றாவது அட்டையின் எண் பில்லில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. மறுநாள் கடையில் கேட்டபோது, வேறு பெட்டியிலிருந்து எடுத்துத் தந்ததாகச் சொல்லி, பில்லைத் திருத்தி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகே அம்மா அந்த அட்டையைப் பிரித்தார்.