மானநஷ்ட வழக்குக்கு முன் எழுத்தில் கருத்து: சத்துவாச்சாரி வக்கீல் ஆபீஸ் சேவை எப்படி?

மானநஷ்ட ஈடு கேட்டுப் படியேறும் முன், கேஸ் எங்கே போய் முடியும் என்று எழுத்தில் கருத்து தருகிறார்கள், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்து வக்கீல் ஆபீஸ் ஒன்றில். 5க்கு 3.5 தரலாம்.

முதலில் தேதியைக் கேட்கிறார்கள். செய்தி வெளியான நாளிலிருந்து 1 வருடம் தாண்டியிருந்தால் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் விட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவதூறு வாசகத்தை வந்தபடியே, வார்த்தை மாறாமல் பிராதில் சேர்க்கிறார்கள். அந்த வாசகத்தைப் படித்த ஒருவரைச் சாட்சிக்குக் கேட்கிறார்கள். சொந்தக்காரர் வேண்டாம் என்கிறார்கள். அதுவும் சரிதான்.

தொகை பற்றிய பகுதிதான் இதில் உருப்படி. தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ 3 சதவீதம். 1 கோடி கேட்டால் 3 லட்சம் முதலில் கட்ட வேண்டும். தோற்றால் போனது போனதுதான். தோனி 100 கோடி கேட்டு 2014இல் சென்னை ஹைகோர்ட்டில் போட்ட வழக்கில், சாட்சி விசாரணைக்கு உத்தரவு வந்ததே 2025 ஆகஸ்டில்தான். ஜெயித்தாலும் முழுத்தொகை கைக்கு வருவது சந்தேகம் என்பது இவர்கள் கணிப்பு. நியாயமான கணிப்புதான். விசாரித்து, நல்லெண்ணத்தில் போட்டோம் என்று செய்தி வெளியிட்ட தரப்பு காட்டிவிட்டால் தொகை சரியும். 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி. சாவந்துக்கு டைம்ஸ் நவ் டிவி சேனல் 100 கோடி தர வேண்டும் என்று புனே கோர்ட் சொன்னதைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே வேறொரு நீதிபதி பற்றிய செய்திக்கு இவர் படம் ஓடியிருந்தது. மறுக்க வழியே இல்லை. அப்பீலுக்கே 20 கோடி டெபாசிட், 80 கோடிக்கு பேங்க் கியாரண்டி கேட்டது பாம்பே ஹைகோர்ட். அதை வைத்து உள்ளூர் வாட்ஸ்அப் சண்டைக்குக் கணக்குப் போடக் கூடாது.

கோட்டை விடுவது மின்னணு ஆதாரத்தில். ஸ்கிரீன்ஷாட்டை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழையே இணைக்கிறார்கள். லிங்க் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, தேதியும் தெரியவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும்: ஃபோன் வைத்திருப்பவர் பகுதி ஏ, நிபுணர் பகுதி பி, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்). பகுதி பி-யில் யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். அதுவரை ஃபோனை ஃபார்மட் செய்யாதீர்கள்.